பழைய வீட்டுக்குள்ள ஒரு பைப்: ரேடானும் பாரம்பரியத் தெருவும்

இன்னைக்கு ஒரு பைப்பைப் பத்திப் பேசப்போறோம். மூணு, நாலு அங்குல அகலத்துல சாதாரண வெள்ளை பிவிசி பைப். சில வீடுகள்ல அந்த பைப் இல்லன்னா குடியிருக்கிறவங்க நுரையீரலுக்கு ஆபத்து. அதையே யோசிக்காம வீட்டு முகப்புல மாட்டிட்டா, நூத்தைம்பது வருஷத் தெருவோட அழகு போயிடும். நகராட்சி நோட்டீஸும் வரலாம். உடம்பு முக்கியமா, பழைய கட்டடம் முக்கியமான்னு சண்டை போடுற மாதிரி தெரியும். ஆனா பெரும்பாலும் அந்தச் சண்டையே தேவையில்ல. ஏன்னுதான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

கதை நடக்கிற இடம் அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம். அங்கேர்ந்து ஆரம்பிக்க ஒரு காரணம் இருக்கு.

அலாரம் அடிச்ச இன்ஜினியர்

1984 டிசம்பர். பென்சில்வேனியாவுல லிமரிக்ங்கிற இடத்துல ஒரு அணுமின் நிலையம் கட்டிக்கிட்டிருந்தாங்க. அங்க வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ்ங்கிற இன்ஜினியர், கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கிற கருவியைத் தாண்டும்போதெல்லாம் அலாரம் அடிக்குது. இதுல விசித்திரம் என்னன்னா, அந்த நிலையம் இன்னும் மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கல. அப்போ அவர் மேல ஒட்டியிருக்கிற கதிரியக்கம் எங்கேர்ந்து வந்துச்சு?

அவர் வீட்டுலேர்ந்து. பாயர்டவுன் பக்கத்துல இருந்த அந்த வீட்டுக் காத்தை அளந்து பார்த்தப்போ, லிட்டருக்கு சுமார் 2,700 பிகோகியூரி ரேடான் இருந்துச்சு. இதுல 4 வந்தாலே வீட்டைச் சரி பண்ணுங்கன்னு இன்னைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், அதாவது இ.பி.ஏ., சொல்லுது. 4 எங்க, 2,700 எங்க!

அதுவரைக்கும் ரேடான்னா யுரேனியச் சுரங்கத் தொழிலாளிகளோட பிரச்சினைன்னுதான் பலரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. சாதாரண வீட்டுலயும் இவ்வளவு சேர முடியும்னு நாட்டுக்கே தெரியவந்தது இந்தச் சம்பவத்துலதான். 1988-ல அமெரிக்க நாடாளுமன்றம் வீட்டுக்குள்ள இருக்கிற ரேடானைக் குறைக்க ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்துச்சு.

மண்ணுலேர்ந்து மூச்சுக்கு

ரேடான் ஒரு வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. பாறையிலயும் மண்ணுலயும் இயற்கையாவே இருக்கிற யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு ரேடியம் ஆகுது. ரேடியம் சிதைஞ்சா ரேடான். திறந்த வெளியில வந்தா காத்தோட கலந்து கரைஞ்சிடும், கவலை இல்ல. வீட்டுக்கு அடியிலேர்ந்து வந்தாத்தான் சிக்கல்.

குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும். சூடான காத்து மேல ஏறி, மேல்மாடி இடுக்குகள் வழியா வெளிய போகும். போன காத்துக்குப் பதிலா கீழேர்ந்து காத்து உள்ள வரணும் இல்லையா? வீடு ஒரு பெரிய ஸ்ட்ரா மாதிரி மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சுது. தரையில விரிசல், குழாய் நுழையுற ஓட்டை, கல் சுவரோட இடுக்கு, எது கிடைச்சாலும் அது வழியா ரேடானும் சேர்ந்து உள்ள வருது.

ரேடானோட அரை ஆயுள் 3.8 நாள். அது சிதையும்போது பொலோனியம் மாதிரி திடமான துகள்கள் பிறக்குது. நாம மூச்சு இழுக்கும்போது அது நுரையீரல்ல ஒட்டிக்கிட்டு, அங்கேயே ஆல்ஃபா கதிரை வெளியிடுது. வருஷக்கணக்கா இது தொடர்ந்தா நுரையீரல் புற்றுநோய் வர வாய்ப்பு கூடும். அமெரிக்காவுல நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைபிடிக்கிறது, ரெண்டாவது ரேடான். ரேடானால வருஷத்துக்கு சுமார் 21,000 பேர் இறக்கிறதா இ.பி.ஏ. கணக்கிட்டிருக்கு. புகைபிடிக்கிற ஒருத்தர் ரேடான் அதிகமா இருக்கிற வீட்டுல இருந்தா, ரெண்டும் சேர்ந்து ஆபத்து பல மடங்கு ஆகுது.

இந்த 4-ங்கிற எண் பாதுகாப்பான எல்லைக்கோடு கிடையாது. அதுக்குக் கீழ இருந்தாலும் ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் இன்னும் கீழ, கன மீட்டருக்கு 100 பெக்கரல்னு சொல்லுது. நம்ம அளவுல மாத்தினா சுமார் 2.7 பிகோகியூரி.

'இதெல்லாம் நமக்கு எதுக்கு?'ன்னு சென்னையிலேர்ந்து கேட்கிறவங்க நினைக்கலாம். மேல்படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா போற நம்ம பசங்க நிறைய பேர் முதல்ல எடுக்கிறது, வாடகை கம்மின்னு பேஸ்மென்ட் ரூம். வீட்டுல ரேடான் பொதுவா அதிகமா இருக்கிற இடமும் அதுதான். குளிர்ல ஜன்னலைத் திறக்கவும் மாட்டோம். உங்க அண்ணனோ, தோழியோ அங்க இருந்தா இந்த எபிசோடை அனுப்பி வைங்க.

பழைய தெருவோட சட்டம்

பென்சில்வேனியாவுல சோதிச்ச வீடுகள்ல சுமார் 40 சதவீதத்துல 4-க்கு மேல இருக்குன்னு அந்த மாநிலத்துச் சுற்றுச்சூழல் துறையே சொல்லுது. ரெடிங் ப்ராங்னு ஒரு பழம்பாறைப் பட்டை அந்த மாநிலத்துல ஆரம்பிச்சு நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் போகுது. அந்தப் பாறையில யுரேனியம் கொஞ்சம் அதிகம். வாட்ரஸ் வீடு இருந்ததும் அந்தப் பட்டையிலதான்.

அதே பகுதியில இருக்கிற ஊர்தான் பெத்லகேம். மொரேவியன் கிறிஸ்தவர்கள் 1741-ல உருவாக்கின ஊர். அவங்க கட்டின கல் கட்டடங்களை 2024-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. ஊருக்குத் தெற்க இருக்கிற மலை அந்த ரெடிங் ப்ராங்கோட ஒரு பகுதி. அதாவது, அழகான பழைய தெருவும் ரேடான் பாறையும் ஒரே ஊர்ல. கிழக்கு பென்சில்வேனியா முழுக்க இந்த மாதிரி ஊர்கள் நிறைய.

அங்க ஒரு பழைய வீட்டை வாங்கினவங்க முதல்ல பயப்படுறது சட்டத்துக்கு. 'பாரம்பரியப் பகுதி, ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட அனுமதி வாங்கணும்'னு யாராவது சொல்லியிருப்பாங்க. அது உண்மையான்னு பார்ப்போம்.

இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, தேசிய அளவுல இருக்கிற வரலாற்று இடங்களோட பதிவேடு. அதுல உங்க வீடு இருந்தா அது கௌரவம். சொந்தக் காசுல வேலை செய்யிற தனி வீட்டுக்காரரை அந்தப் பதிவு மட்டும் கட்டுப்படுத்தாது. இன்னொண்ணு, உள்ளூர் நகராட்சி சட்டம் போட்டு அறிவிக்கிற பாரம்பரியப் பகுதி. கட்டுப்பாடு வர்றது இதுலேர்ந்துதான். உங்க வீடு எதுல வருதுன்னு நகராட்சித் திட்டப் பிரிவுல கேட்டா சொல்லிடுவாங்க.

பென்சில்வேனியாவுல இந்த உள்ளூர்ச் சட்டங்களுக்கு அடிப்படை 1961-ல வந்த 167-ம் எண் சட்டம். கட்டடக்கலை மறுஆய்வுக் குழுன்னு ஒண்ணு இருக்கும். ஊர்ல சுருக்கமா 'ஹார்ப்'னு சொல்வாங்க. அந்தக் குழு பரிந்துரை பண்ணும், நகர மன்றம் சான்றிதழ் கொடுக்கும். சட்டப்படி அந்தக் குழு பார்க்கிறது, பொதுத் தெருவுலேர்ந்து கண்ணுக்குத் தெரியிற வெளிப்புற அம்சங்களை மட்டும்தான்.

அதாவது, உங்க பேஸ்மென்ட்டுல என்ன பண்றீங்க, அலமாரிக்குள்ள பைப் விடுறீங்களா, பரணுக்குள்ள ஃபேன் வைக்கிறீங்களாங்கிறது அந்தக் குழுவோட விஷயமே இல்ல. மத்த மாநிலங்கள்ல விதி வேற மாதிரி இருக்கலாம், உங்க ஊர்ச் சட்டத்தைப் படிச்சுக்கோங்க.

பைப் எப்படி வேலை செய்யுது

வீடு மண்ணுலேர்ந்து காத்தை உறிஞ்சுதுன்னு சொன்னோம் இல்லையா? அதைவிட பலமா, வீட்டுக்கு அடியிலேர்ந்தே இன்னொரு ஆள் உறிஞ்சிட்டா? அவ்வளவுதான் விஷயம். பேஸ்மென்ட் கான்கிரீட் தரையில ஒரு ஓட்டை போட்டு, அடியில கொஞ்சம் மண்ணை எடுத்து ஒரு சின்னக் குழி பண்ணுவாங்க. அதுல பைப்பை இறக்கி, சுத்தி அடைச்சு, மேல ஒரு ஃபேன். ஃபேன் இருபத்திநாலு மணி நேரமும் ஓடும். தரைக்கு அடியில காத்தழுத்தம் குறையும், ரேடான் வீட்டுக்குள்ள வராம பைப் வழியா கூரைக்கு மேல போயிடும்.

விரிசலை மட்டும் அடைச்சா போதாதான்னு கேட்பாங்க. போதாது. அடைக்கிறது உதவி, உறிஞ்சுறதுதான் மருந்து.

வெளிய விடுற இடத்துக்கும் விதி இருக்கு. தரையிலேர்ந்து குறைஞ்சது 10 அடி உயரம், கூரை விளிம்புக்கு மேல, ஜன்னல்லேர்ந்து 10 அடி தள்ளி, இல்லன்னா அந்த ஜன்னலுக்கு 2 அடி மேல. ஃபேன் பேஸ்மென்ட்டுலயோ குடியிருக்கிற இடத்துலயோ இருக்கக் கூடாது. ஏன்னா ஃபேனுக்கு அப்புறம் பைப்புல அழுத்தம் அதிகம், அதுல ஒரு கசிவு வந்தா அடர்த்தியான ரேடான் நேரா உங்க அறைக்குள்ள வந்துடும். அதனால பரணுலயோ, வீட்டுக்கு வெளியவோதான் ஃபேன்.

இந்த விதிகளாலதான் பழைய தெருவுல தகராறு. கூரைக்கு மேல போகணும்னா, ஒப்பந்தக்காரருக்குச் சுலபமான வழி வெளிச்சுவர். பக்கவாட்டுல ஓட்டை போட்டு, சுவரோரமா வெள்ளைப் பைப்பை ஏத்தி, நடுவுல ஒரு உருண்டை ஃபேனை மாட்டிட்டு அரை நாள்ல கிளம்பிடலாம். புது வீட்டுல அது பரவாயில்ல. 1880-கள்ல கட்டின செங்கல் வீட்டுல அது மூக்கு மேல கட்டு போட்ட மாதிரி தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துப்போம்

ஒரு உதாரண வீடு. 1880-கள்ல கட்டின மூணு மாடிச் செங்கல் வீடு, ரெண்டு பக்கமும் வீடு ஒட்டியிருக்கு. கீழ கல் அஸ்திவாரம், சுண்ணாம்புக் காரை. பேஸ்மென்ட்டுல முன்பாதி கான்கிரீட், பின்பாதி வெறும் மண் தரை. சோதனையில 9 வந்திருக்கு. இப்ப என்ன பண்ணலாம்?

முதல்ல மண் தரை. அங்க ஓட்டை போட கான்கிரீட்டே இல்ல. அதுக்கு வேற வழி: கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைத் தரை முழுக்கப் போட்டு, ஓரங்களைச் சுவரோட ஒட்டி அடைச்சு, விரிப்புக்கு அடியிலேர்ந்து உறிஞ்சுறது. முன்பக்கக் குழியையும் இதையும் ஒரே பைப்புல சேர்த்துடலாம்.

ரெண்டாவது, கல் சுவர். இடுக்கு வழியா காத்து வருதேன்னு முழுச் சுவருக்கும் சிமென்ட் பூசிடலாம், இல்ல நீர்ப்புகா பெயின்ட் அடிச்சிடலாம்னு தோணும். அவசரப்பட வேண்டாம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கி, அதையே வெளிய விடுற சுவர். கெட்டி சிமென்ட்டால அதை மூடிட்டா ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு கல்லையும் காரையையும் அரிக்கும். சுவரும் தரையும் சேர்ற இடுக்கையும், குழாய் ஓட்டைகளையும் மட்டும் அடைங்க. உதிர்ந்த காரையைப் பழைய மாதிரி சுண்ணாம்புக் கலவையாலயே பூசுங்க.

மூணாவது, பைப் போற வழி. பழைய வீட்டோட நல்ல குணமே இங்கதான் தெரியும். அந்த வீட்டுக்குள்ள மேலேர்ந்து கீழ வரைக்கும் ஏற்கெனவே ஏதாவது ஒரு வழி இருக்கும். ஒரு மாடி அலமாரிக்கு மேல அடுத்த மாடி அலமாரி இருக்கும். கழிவுநீர்க் குழாய் ஏறுற சந்து இருக்கும். பயன்பாட்டுல இல்லாத புகைபோக்கி இருக்கும். அது வழியா பைப்பை ஏத்தி, பரணுல ஃபேனை வச்சு, பின்பக்கக் கூரைச் சரிவுல வெளிய விட்டா தெருவுலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு எதுவுமே தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு: வெளிய ஏத்தின பைப்புல குளிர்காலத்துல ஈரம் உறைஞ்சு பனிக்கட்டி கட்டும். உள்ள இருக்கிற பைப்புக்கு அந்தத் தொல்லை குறைவு.

புகைபோக்கியில ஒரு எச்சரிக்கை. வாட்டர் ஹீட்டரோ ஃபர்னஸோ இன்னும் அதைப் பயன்படுத்துதுன்னா அதைத் தொடவே கூடாது. ரேடான் ஃபேன் பேஸ்மென்ட் காத்தையும் சேர்த்து இழுத்துட்டா, ஹீட்டரோட புகை மேல போகாம வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும். ரேடான் வருஷக்கணக்குல கொல்லும், அது ஒரே ராத்திரியில கொன்னுடும். வேலை முடிஞ்சதும் இதைச் சோதிச்சுக் காட்டச் சொல்லுங்க, கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒண்ணு வாங்கி மாட்டுங்க.

உள்ள வழியே இல்லன்னா வெளியதான் போகணும். அப்பவும் பின்சுவர்ல போங்க. மழைநீர்க் குழாய் மாதிரி தெரியிற சதுர உலோகக் குழாயைப் பயன்படுத்தலாம், சுவர் நிறத்துலயே பெயின்ட் அடிக்கலாம். கிளாம்ப் அடிக்கும்போது ஆணி செங்கல்ல இறங்கக் கூடாது, காரை இடுக்குல இறங்கணும். காரையைத் திரும்பப் பூசிக்கலாம். உடைஞ்ச பழைய செங்கல்லுக்கு மாத்து கிடைக்காது. நாளைக்குக் கழட்டினா வீடு பழையபடி இருக்கணும். பாரம்பரியப் பாதுகாப்புல இருக்கிறவங்க பெருசா மதிக்கிறது இதைத்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அந்தக் குழு பெரும்பாலும் மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும். 9-னு ரிசல்ட் வந்த பயத்துல, 'நாளைக்கே வந்து மாட்டிடுறேன்'னு சொல்ற முதல் ஆளுக்கே கையெழுத்துப் போட்டுடுறவங்க உண்டு. கொஞ்சம் நிதானம். ரேடான் ஆபத்து வருஷக்கணக்குல சேர்றது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஒழுங்கா திட்டம் போட்டு அனுமதி வாங்கலாம். ஆனா 'அனுமதி வரட்டும், பார்ப்போம்'னு அதையே சாக்கா வச்சு ரெண்டு வருஷம் தள்ளிப்போடக் கூடாது. இடைப்பட்ட நாள்ல பேஸ்மென்ட்டுல படுக்காதீங்க, முடிஞ்சப்போ ஜன்னலைத் திறந்து வைங்க, வீட்டுக்குள்ள யாரும் புகைபிடிக்க வேண்டாம்.

ஒப்பந்தக்காரர்கிட்ட மூணு கேள்வி. மாநிலச் சான்றிதழ் இருக்கா? பென்சில்வேனியாவுல 1987-லேர்ந்து அது சட்டப்படி கட்டாயம். பைப் போற வழியை வேலைக்கு முன்னாடியே வரைஞ்சு தருவீங்களா? தரைக்கு அடியில உறிஞ்சல் எல்லா மூலைக்கும் எட்டுதான்னு அளந்து பார்ப்பீங்களா? மூணாவது கேள்வி பழைய வீட்டுக்கு ரொம்ப முக்கியம். கான்கிரீட்டுக்கு அடியில ஜல்லி இல்லாம வெறும் களிமண் இருந்தா, ஒரு ஓட்டை பத்தாது.

வெளிய தெரியிற வேலை ஏதாவது இருந்தா, குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது தெருவுலேர்ந்து எடுத்த போட்டோ, பைப் வழியோட வரைபடம், ரேடான் ரிசல்ட் மூணையும் சேர்த்து வைங்க. 'ரேடான் பைப் போட அனுமதி வேணும்'னு மொட்டையா கேட்டா, பத்து கேள்வி வரும். 'பின்சுவர்ல, செங்கல்லைத் தொடாம, பிறகு கழட்டக்கூடிய மாதிரி, இந்த நிறத்துல'ன்னு கேட்டா பேச்சே வேற மாதிரி போகும். பக்கத்து வீட்டுக்காரங்களோட ஜன்னல் தூரத்தையும் அளந்து எழுதுங்க. ஒட்டின வீடுகள்ல உங்க ரேடான் அவங்க படுக்கையறைக்குப் போயிடக் கூடாது இல்லையா?

மாட்டின பிறகு

பைப்புல யு வடிவத்துல ஒரு சின்னக் குழாய் மாட்டியிருப்பாங்க, உள்ள நிறத் திரவம் இருக்கும். ரெண்டு பக்கமும் திரவம் மேலயும் கீழயுமா இருந்தா ஃபேன் இழுக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் சமமா இருந்தா ஃபேன் நின்னுடுச்சு. மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

ஆனா அந்தக் குழாய் சொல்றது ஃபேனைப் பத்தி மட்டும்தான், வீட்டுக் காத்தைப் பத்தி இல்ல. அதனால ஃபேன் ஓட ஆரம்பிச்சு 24 மணி நேரம் கழிச்சு, 30 நாளுக்குள்ள மறுபடியும் சோதனை பண்ணணும். பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. பைப் மாட்டுறது வீட்டுக்காரர் வேலை. சோதனை பண்றது உங்களாலயே முடியும். கரித்தூள் வச்ச சின்ன டப்பா கிட் கடையில விலை குறைவாவே கிடைக்கும். 12 மணி நேரம் முன்னாடியே ஜன்னல் கதவை மூடி, நீங்க படுக்கிற அறையில வச்சு, கிட்டுல போட்டிருக்கிற நாள் கணக்குப்படி விட்டு, லேபுக்கு அனுப்புங்க. பக்கத்து வீட்டு ரிசல்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரே தெருவுல ஒரு வீட்டுல 2, அடுத்த வீட்டுல 20 வரலாம். ரிசல்ட் கையில இருந்தா வீட்டுக்காரர்கிட்ட பேசுறதுக்கு ஒரு பிடி இருக்கும். 'பழைய வீடு, ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு அவர் சொன்னா, எங்கெல்லாம் பைப் விடலாம்னு இப்ப உங்களுக்கே தெரியும்.